பெட்டியோடு வந்த வெள்ளி டாலர்

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றை விற்க முற்படுவோரிடம், விவரமறிந்த சேகரிப்பாளர் முதலில் கேட்பது, "பெட்டி இருக்கிறதா?" என்பதே. வெள்ளியின் அளவு பெட்டியால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனினும், வெளியிட்டவர்கள் அடைத்துக் கொடுத்த பெட்டியிலேயே இருக்கும் நாணயத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அம்மதிப்பு எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு நியாயமானது என்பதை அறியாதவர்கள் வாங்கும்போதும் ஏமாறுகிறார்கள், விற்கும்போதும் ஏமாறுகிறார்கள்.

இவ்வகையில் மிகவும் பேர்பெற்றவை கார்ஸன் சிட்டி டாலர்கள். நெவாடா மாநிலத்தில் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் செழித்திருந்த காலத்தில், 1870-இல், அவ்வூரில் ஒரு நாணயச்சாலை தொடங்கப்பட்டது. ஜார்ஜ் மார்கன் என்னும் செதுக்குக் கலைஞர் வடிவமைத்த டாலர் அங்கே 1878 முதல் அடிக்கப்பட்டது. ஒரு புறம் சுதந்திர தேவியின் முகம். மறுபுறம் சிறகு விரித்த கழுகு. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. கழுகின் கீழுள்ள இலைவளையத்தின் முடிச்சுக்கு அடியில் 'சி.சி.' என்னும் இரண்டு சிற்றெழுத்துகள் இருக்கும். அவையே அவ்வூரின் முத்திரை.

இத்துணைக் கனமான காசைச் சட்டைப்பையில் சுமக்க மக்கள் விரும்பவில்லை. ஆதலால் மூட்டைக்கு ஆயிரம் வீதம் கட்டப்பட்டு, அரசாங்க நிலவறைகளில் அவை கோடிக்கணக்கில் உறங்கின. அந்த உறக்கத்தைக் கலைத்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது, காகித நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயம் இந்தியாவில் பரவியது. வெள்ளித் தட்டுப்பாட்டினால்தான் 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டே பிறந்தது. பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடியது. 1918 ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்திய நாணயத் தேவைக்காக விற்கப்பட்டது. ஒரு டாலரில் உள்ள வெள்ளி சுமார் இரண்டேகால் ரூபாய்க்குப் போதும். நம் பாட்டிமார் பானையில் போட்டு வைத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களுள் சில, முன்பிறவியில் டாலராக இருந்தவையாகலாம்!

எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகிற்று என்று எவரும் கணக்கெழுதவில்லை. எனவே, அடித்த தொகையைக் கொண்டு ஒரு நாணயத்தின் அருமையை அளப்பது தவறு.

1964-இல் அமெரிக்கக் கருவூலம் வெள்ளி டாலர் வழங்குவதை நிறுத்திக் கையிருப்பை எண்ணியபோது, ஏறத்தாழ 30 லட்சம் டாலர்கள் எஞ்சியிருந்தன. பெரும்பாலானவை கார்ஸன் சிட்டியில் அடித்தவை, கைபடாதவை. ஜி.எஸ்.ஏ. எனப்படும் அரசாங்கப் பொதுச் சேவை நிர்வாகம் 1972 முதல் 1974 வரையிலும், மீதியை 1980-இலும் தபால் மூலம் விற்றது. பெரும்பாலானவை கறுப்பு உள்தட்டுடன் கூடிய தடித்த, தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கப்பட்டு, விளக்க அட்டையுடன் வெளிப்பெட்டியில் அடைக்கப்பட்டன. நாம் பேசும் பெட்டி இதுதான்.

பெட்டி ஒன்றே, உள்ளிருப்பது ஒன்றல்ல. 1884-ஆம் ஆண்டு டாலர் அடிக்கப்பட்டது 11,36,000. அவற்றுள் 9,60,000-க்கு மேல் இக்குவியலில் இருந்தன. 1879-ஆம் ஆண்டு டாலரோ நாலாயிரத்துச் சொச்சம். 1889-ஆம் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று! ஆகவே, "அரசாங்கப் பெட்டி, அபூர்வம்" என்று வியாபாரி சொன்னால், முதலில் ஆண்டைப் பாருங்கள். பிறகு பெட்டியின் மேல் உள்ள வாசகத்தைப் பாருங்கள். 'புழக்கத்துக்கு வராத' என்ற சொல் சில பெட்டிகளில் இராது. கீறலோ கறையோ கண்டவற்றை அவ்வாறு பிரித்து விற்றார்கள்.

பெட்டி நாணயத்துக்குச் சாட்சி. ஆனால் பொய்ச் சாட்சியும் உண்டு. இப்பெட்டியை நெம்பித் திறக்க முடியும். நல்ல காசை எடுத்துவிட்டு மட்டமான காசை வைத்து மூடுவோர் இருக்கிறார்கள். விளிம்பில் நெம்பிய தழும்பு உண்டா, நாணயத்தின் மெருகு இயல்பாகச் சுழல்கிறதா என்று விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியில்லாத டாலரைத் தராசில் நிறுப்பதும் காந்தத்தைக் காட்டுவதும் எளிய சோதனைகள். நடைபாதைக் கடைகளில் கிடைக்கும் 'டாலர்கள்' பல இந்த இரண்டிலேயே தோற்றுவிடும். தரம் மதிப்பிடும் நிறுவனங்களில் சில, பெட்டியைத் திறவாமலே சான்றளிக்கின்றன. விலை உயர்ந்த ஆண்டுகளுக்கு அச்சான்று இன்றி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பவர் செய்யும் பெருந்தவறு, பளபளப்புக்காகத் தேய்ப்பது. வெள்ளிக் குத்துவிளக்கைப் புளியும் திருநீறும் இட்டுத் துலக்கிப் பழகிய கை நம்முடையது. அந்தக் கை நாணயத்தின் பக்கமே போகக் கூடாது. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தொட்டு மேலே படரும் மெல்லிய நிறம் அழுக்கன்று. சேகரிப்பாளர் சிலர் அதற்காகவே கூடுதல் விலை தருகிறார்கள். தேய்த்த காசோ, வெள்ளி விலைக்கு அண்மையில் இறங்கிவிடும். இழந்த மெருகைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

பெட்டி காற்றுப் புகாதது என்று எண்ணிவிடாதீர்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரம் எங்கும் நுழையும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்கு அருகில் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். ரப்பர் வளையம், கம்பளித் துணி, மலிவான மென்பிளாஸ்டிக் உறை ஆகியவை வேண்டா. அவ்வுறை நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். துணி அலமாரியில் வைத்தால் அந்துருண்டையை அகற்றிவிடுங்கள்; அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பெட்டியின் மேல் தூசி படிந்தால் மெல்லிய உலர்ந்த துணி போதும். பெட்ரோலும் ஸ்பிரிட்டும் அதை மங்கச் செய்யும். வெளிப்பெட்டியையும் விளக்க அட்டையையும் வெறும் காகிதம் என்று எறிந்தவர்கள் பலர். விற்கும் நாளில்தான் அவர்களுக்கு அருமை தெரிந்தது.

அயல்நாட்டிலிருந்து தருவிப்போர் சுங்க விதிகளை முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்ப நினைப்போருக்கு வேறொரு தடை உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. கார்ஸன் சிட்டி டாலர் ஒவ்வொன்றும் நூறு வயதைத் தாண்டியதே. இங்கு வந்துவிட்ட ஒன்றை இங்குள்ள சேகரிப்பாளரிடமே விற்க வேண்டியிருக்கும் என்பதை, வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்வது நலம்.