தாமலசெருவுக் கணவாய்ப் போர்: சான்றுகளும் வரைபடமும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தொடர்வண்டியில் செல்வோர் பாகாலா சந்திப்பைக் கடப்பர். அதன் அருகே, மாம்பழச் சந்தையால் பெயர்பெற்ற ஊர் தாமலசெருவு. தெலுங்கில் ‘செருவு’ என்பது ஏரி. தமிழில் ‘செரு’ என்பது போர். இவை வெவ்வேறு சொற்கள். ஒலியை மட்டும் கொண்டு பெயர்க்காரணம் கூறலாகாது. எனினும், இங்கு ஒரு பெரும்போர் நிகழ்ந்தது உண்மை.

1740ஆம் ஆண்டு மே மாதம் இரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை ஆற்காட்டை நோக்கி வந்தது. நவாபு தோஸ்த் அலிகான் இங்குள்ள மலைக்கணவாயில் அதனைத் தடுக்க நின்றார். மராட்டியரோ வேறு வழியாக வந்து பின்புறமிருந்து தாக்கினர். நவாபும் அவர் மகன் ஹசன் அலியும் களத்தில் மாண்டனர்.

இதனை எவ்வாறு அறிகிறோம்? நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்டவை முதன்மைச் சான்றுகள் ஆகும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். நவாபின் குடும்பத்தார் அந்நகரில் அடைக்கலம் புகுந்த காலத்தில் அவர் அங்கு வாழ்ந்தார். ஆயினும் போர்க்களத்தை அவர் நேரில் கண்டவர் அல்லர்.

ராபர்ட் ஓர்ம் எழுதிய ஆங்கில வரலாற்று நூல் 1763இல் வெளிவந்தது. போரின்போது அவர் சிறுவர். காவலில் இருந்த தலைவர் ஒருவர் மராட்டியருக்கு வழிவிட்டார் என்கிறது அந்நூல். தோல்விக்குப் பின் இத்தகைய பேச்சு எளிதில் எழும். வேறு சான்றோடு ஒப்பிடாமல் ஒருவர்மீது பழி சுமத்துதல் முறையன்று.

நாள்களை ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. 1752 வரை ஆங்கிலேயரின் நாள்கணக்கு, பிரெஞ்சுக்காரரின் கணக்கைவிட 11 நாள் பின்தங்கியிருந்தது. தமிழ்க் கணக்கில் அது ரௌத்திரி ஆண்டு.

சான்று கூறுவதை வரைபடம் சோதிக்கும். சமஉயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு. விலகினால் படை நடக்கத்தக்க வழி. இந்திய நில அளவைத் துறை 1767இல்தான் தோன்றியது. ஆகவே, நாம் காணும் வரைபடம் நவாபின் கையில் இல்லை.

கிரேக்க நாட்டின் தெர்மாப்பிலே கணவாயிலும் கி.மு. 480இல் பாரசீகர் மலைப்பாதையால் சுற்றிவந்து தாக்கினர். பல ஆண்டுகளுக்குப் பின் அதனை எழுதிய ஹெரோடோட்டஸ், பாதை காட்டியவர் இன்னார் என்று கூறியதோடு, வேறு சிலர்மீதும் பழி கூறப்பட்டதை மறைக்காமல் குறித்தார். அன்று கடலோரக் குறுவழியாக இருந்த அவ்விடம், ஆற்று வண்டலால் இன்று அகன்ற சமவெளியாகிவிட்டது. நிலமும் மாறும் என்பதை வரைபடம் காண்போர் மறத்தலாகாது.

சொற்பொருள்: கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி, அடைக்கலம் – பாதுகாப்பு, வண்டல் – ஆறு கொணரும் மண்.

பயிற்சி
1. பாகாலா, சித்தூர், ஆற்காடு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க.
2. ஓர்ம் கூறும் செய்தியை உடனே ஏற்கலாமா? காரணம் தருக.
3. உம் குடும்பம் இவ்வூருக்கு வந்த ஆண்டை வீட்டில் இருவரிடம் தனித்தனியே கேட்டு, இரு விடைகளையும் ஒப்பிடுக.