வெள்ளிக்கிழமை அரப்பும் மூன்று நாள் பொடியும்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீச ஆரம்பித்துவிட்டால், ‘வயித்தைச் சுத்தம் பண்ணிக்கணும்’ என்ற பேச்சும் எங்கள் கோவைப் பக்கத்து வீடுகளில் கூடவே வந்துவிடும். முன்பெல்லாம் இதைப் பாட்டிமார்கள் சொன்னார்கள். இப்போது செல்போன் சொல்கிறது. ‘டீடாக்ஸ்’ என்று பெயர் போட்டு, மூன்று நாள் பொடி, ஏழு நாள் பொடி என்று வாசலுக்கே பாக்கெட் வந்து சேர்கிறது.

போன ஆடியில் என் நாத்தனார் மகள் அப்படி ஒன்றை வாங்கிக் குடித்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பட்டுப்புடவையில் ஒல்லியாகத் தெரிய வேண்டுமாம். சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். தினமும் ஐந்தாறு தடவை வயிறு போக, “அழுக்கெல்லாம் வெளிய போகுது அத்தை” என்று சந்தோஷம் வேறு. மூன்றாம் நாள் காலையில் குளியலறை வாசலிலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிவிட்டது, பொட்டாசியம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி, ஒரு நாள் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். குறைந்த எடை முழுக்கத் தண்ணீர்தான் போலிருக்கிறது. இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது நியாயமான கேள்வி. “நீங்க எல்லாம் சின்ன வயசுல விளக்கெண்ணெய் குடிச்சீங்களே, அது மட்டும் என்னவாம்?”

எங்கள் அமுச்சி விளக்கெண்ணெய் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு நாள். முதல் நாள் ராத்திரியே ரசம் சாதம்தான். காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்குத் தகுந்த அளவு. வயிறு போதுமான அளவு போனதும் மோர் கொடுத்து நிறுத்திவிடுவார். மத்தியானம் குழைந்த சாதமும் மிளகு ரசமும். மறுநாளும் புளி, காரம், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கிடையாது. காய்ச்சல் அடித்த பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார். “மாசமா இருக்கற புள்ளை இந்தக் கிண்ணத்துப் பக்கமே வரப்படாது” என்பார். விளக்கெண்ணெய் குடலைத் தூண்டுவதோடு கர்ப்பப்பையையும் தூண்டக்கூடியது என்று இன்றைக்கு டாக்டர்கள் விளக்குகிறார்கள். அமுச்சி எந்தப் புத்தகமும் படித்தவர் அல்ல.

அதற்காக அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வழக்கமாகப் பேதி கொடுப்பதைக் குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை.

1943-ல் பி.வி. ராம வாரியர் கோவையில் ஆரிய வைத்திய பார்மஸியைத் தொடங்கிய நாளிலிருந்து நம் ஊருக்குப் பஞ்சகர்மா என்ற வார்த்தை புதிதல்ல. அந்த முறையில் பேதி என்பது நடுவில் வருகிற ஒரு படி. வைத்தியர் வயது, பலம், பசி எல்லாம் பார்த்து, சில நாள் மருந்து நெய் குடிக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, வியர்க்க வைத்து, அப்புறம்தான் பேதி மருந்து. முடிந்த பிறகு மூன்று நாளிலிருந்து ஏழு நாள் வரை கஞ்சித் தெளிவு, கஞ்சி, குழைந்த சாதம் என்று படிப்படியாகச் சாப்பாடு. பாக்கெட் பொடியில் இந்த முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. நடுவில் உள்ள பேதியை மட்டும் உருவி எடுத்து விற்கிறார்கள்!

தேரையர் பெயரில் வழங்கும் சித்த வைத்தியப் பாட்டிலும் பேதி மருந்து நாலு மாதத்துக்கு ஒரு முறைதான். எண்ணெய் முழுக்குத்தான் நாலு நாளைக்கு ஒரு முறை. நாம் என்னவோ முழுக்கை தீபாவளிக்கு ஒதுக்கிவிட்டு, பேதியைப் பிடித்துக்கொண்டோம்.

வைத்திய நூல்கள் பருவம் மாறும் சமயத்துக்கு ‘ருது சந்தி’ என்று பெயர் சொல்கின்றன. போகிற பருவத்தின் கடைசி ஏழு நாள், வருகிற பருவத்தின் முதல் ஏழு நாள். இந்தப் பதினாலு நாளில் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டுமாம். நான் வீட்டில் செய்வது அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். வறுவல், பொரியல் பலகாரம் கிடையாது. சாயந்திரக் காப்பிக்குப் பதில் சுக்கு மல்லிக் காப்பி. வாரம் இரண்டு நாள் கொள்ளு வேக வைத்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். வாய்ப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் கொள்ளு சூடு, விட்டுவிடலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தக் கூடாது.

அப்புறம் வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு. நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தலை, காதைச் சுற்றி, உள்ளங்கால் மூன்றிலும் நன்றாகச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். (காதுக்குள் ஊற்ற வேண்டாம்.) அரை மணி நேரம் ஊற விட்டு வெந்நீர். காய்ச்சலோ சளியோ அஜீரணமோ இருந்தால் அந்த வாரம் கிடையாது. ஷாம்பு போட்டால் எண்ணெய் போக இரண்டு தடவை தேய்க்க வேண்டும். அரப்பு ஒரே தடவையில் எடுத்துவிடும், முடியும் வறண்டு போகாது. உசிலை இலையை நிழலில் காய வைத்து இடித்ததுதான் அரப்பு. சோறு வடித்த கஞ்சியில் குழைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும், ஜாக்கிரதை. கடையில் வாங்கும்போது பச்சை வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். பழசானால் வெறும் தூசிதான். குளித்து முடித்ததும் மீதி அரப்பைத் தரையில் தூவித் தேய்த்துவிட்டால் அடுத்தவர் வழுக்கி விழ மாட்டார்.

எண்ணெய் தேய்த்த நாளில் வெயிலில் அலையாமல், கனமாகச் சாப்பிடாமல், ஓய்வாக இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் சொன்ன விதி. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்த விதி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வெள்ளிக்கிழமை என் மாமியார் விடிகாலை நாலரைக்கு எழுந்து, எண்ணெய் வழிய வழிய விறகடுப்பை ஊதி, அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி இட்லித் தட்டைத் துடைப்பார். அவர் அரை மணி நேரம் ஊற உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்த வருஷம் ஆடி முதல் வெள்ளியன்று வீட்டில் சொல்லிவிட்டேன். பத்து மணி வரைக்கும் சமையலறை என்னுடையது இல்லை. “ஏனுங்க, தண்ணி காஞ்சிருச்சுங்களா?” என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அரிசி எத்தனை டம்ளர் போடறது?” என்றார். நான்காவது வெள்ளிக்கு அதைக் கேட்கவில்லை. ரசத்தில்தான் இன்னும் உப்பு கொஞ்சம் கூட இருக்கிறது.

– ஒரு வாசகி, சிங்காநல்லூர்