அலுவலிடையே சட்டக் கல்வி

குத்தாலம் காவிரி பாயும் நாட்டில் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களில் வழக்குக்குப் பஞ்சமில்லை. வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் ஒரு வழக்கு. முறை வருமுன் ஒருவர் மடையைத் திறந்துவிட்டால் மற்றொரு வழக்கு. குத்தகை நெல் குறைந்தால் இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் இவற்றைக் கேட்டுத் தீர்ப்புக் கூறியவர் மாவட்ட முனிசீப்பு. அப்பதவிக்கு வந்தோருள் சிலர், சட்டமே தொழிலாக ஓய்வுடன் அமர்ந்து கற்றவரல்லர். பகலெல்லாம் அலுவல் பார்த்து, எஞ்சிய பொழுதில் சட்டம் பயின்று தேர்வெழுதியவர்.

அவர்களுள் தலைசிறந்தவர் முத்துசாமி ஐயர். இவர் 1832ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் வறிய குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, திருவாரூர்ப் பகுதியில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராகத் திங்கள் ஒரு ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். ஊதியம் சிறிதேனும், அவ்வேலை சிறிதன்று. எந்நிலம் எவருடையது, அதன் பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, உழுபவர் யார் என்பனவெல்லாம் கணக்கரின் சுவடியில் அடங்கும். பின்னாளில் நீதிமன்றத்தில் வாதிக்கப்படும் பொருள் யாவும் அங்கே வித்தாகக் கிடந்தன. சிறுவனின் கூர்மையைக் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவரை நாகப்பட்டினத்திலும் பின்பு சென்னையிலும் ஆங்கிலக் கல்வி பெறச் செய்தார். 1854இல் ஆங்கிலக் கட்டுரைக்காக 500 ரூபாய் பரிசு பெற்றார். அவர் தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்று மக்கள் இன்றும் சொல்வர்.

படிப்பு முடிந்தபின் தஞ்சை ஆட்சியர் அலுவலகத்தில் ஆவணங்களைக் காக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் வழக்குரைஞருக்கென அரசு புதிதாக ஒரு தேர்வை ஏற்படுத்தவே, அலுவலில் இருந்துகொண்டே அதற்குப் பயின்று, கும்பகோணத்தில் தேர்வெழுதிச் சிறப்புறத் தேறினார். தரங்கம்பாடி முனிசீப்பு பதவி அவரை வந்தடைந்தது.

இவ்வகையில் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்து, 1857இல் முனிசீப்பானார். பின்னர்க் குத்தாலத்திற்கு அண்மையிலுள்ள மாயூரத்தில் நெடுங்காலம் அப்பதவி வகித்தார். பிறர் எழுதிய தீர்ப்பைச் சொல் பிசகாமல் தமிழாக்குபவர், சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டுமன்றோ? அத்தகைய பயிற்சியை எந்த நூல் தரும்?

முத்துசாமி ஐயரின் இரண்டாம் தேர்வு முதலினும் அரியது. 1868 முதல் அவர் சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்தார். அப்பதவிக்குப் பட்டம் தேவையில்லை. எனினும் பகலில் நீதிபதியாய் அமர்ந்தவர், சட்டப் பட்டத் தேர்வுக்கு மாணவராய்ச் சென்றார். தோற்றிருந்தால், தம் முன் நின்று வாதாடுவோரே நகைத்திருப்பர். அவர் அதற்கு அஞ்சவில்லை, பட்டம் பெற்றார். 1877இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றார். அவ்விருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

இக்காலத்து நிலை வேறு. 2012இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரப் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான இளநிலைத் தேர்வில் 120 வினாக்களுக்கு 2 மணி நேரமே அளிக்கப்பட்டது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறைந்தது. வினாக்கள் பெரும்பாலும் உரைப்பகுதிகளைப் படித்துப் பொருள் காண்பன. ஆதலின், வேலை முடிந்து வீடு திரும்புபவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் நாளிதழையும் தீர்ப்புச் செய்திகளையும் ஊன்றிப் படித்தால் தேர்வுக்கு ஆயத்தமாகலாம். அலுவலக விடுப்பு முழுவதையும் கடைசித் திங்களுக்கெனச் சேர்த்துவைப்போரும் உண்டு. அதனினும் இந்நாள்தோறும் படிக்கும் முறையே நன்று. சேர்ந்தபின் வருவதே உண்மையான இடர். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வகுப்புகளுக்கேனும் வருகை வேண்டும் என்கின்றன. பகல் முழுதும் அலுவலில் இருப்பவர் அந்நாளிலேனும் அலுவலைத் துறக்கவோ நீண்ட விடுப்புப் பெறவோ வேண்டியவராகிறார்.