லினக்ஸில் கேம்: முதலில் டிரைவர்

கிராபிக்ஸ் கார்டு தானாக எதையும் வரைவதில்லை. அதனிடம் வேலை வாங்குவது டிரைவர். லினக்ஸில் ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கான டிரைவரின் ஒரு பாதி லினக்ஸின் மையமான கேர்னலிலும் மறுபாதி மீசா தொகுப்பிலும் இருப்பதால் பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. தலைவலி என்விடியாதான். 2012இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் மேடையிலேயே அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார்.

அளவெட்டியில் ஒருவர் பாவித்த ஜிடிஎக்ஸ் 1050 கார்டு ஒன்றை வாங்கி, உபுண்டு உள்ள கணினியில் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இயங்குவது நூவோ என்ற திறமூல டிரைவர். படம் தெரியும், ஆனால் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் இந்தக் கார்டின் வேகத்தை அதனால் கூட்ட முடியாது. கேம் நத்தையாக நகரும். 'அடிஷனல் டிரைவர்ஸ்' சாளரத்தில் என்விடியாவின் சொந்த டிரைவரைத் தெரிவுசெய்ய வேண்டும். இந்தக் கார்டுக்கு 580 வரிசையே கடைசி. அதற்குப் பிந்தியவை இதைக் கண்டுகொள்ளா.

கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், டிரைவரை நிறுவும்போது கடவுச்சொல் ஒன்றைப் புதிதாக அமைக்கும்படி கேட்கப்படலாம். கேட்கப்பட்டால், மீள இயக்கியதும் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' என்பதைத் தெரிவுசெய்து அதே சொல்லை இட வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ' அழுத்தினால் டிரைவர் கேர்னலில் ஏறாது.

பிறகு 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால், படத்தை வரைவது இன்னும் புரொசசர்தான். கார்டின் பெயர் வந்தால் கேம் கடையான ஸ்டீமை நிறுவலாம். அதற்கு 32-பிட் டிரைவர் நூலகங்களும் தேவை. விண்டோஸ் கேம்களை, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் ஓட்டிக் காட்டும். ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் கொண்ட சில இணையப் போட்டி கேம்கள் மட்டும் எந்த டிரைவருக்கும் மசியா.