மொழி தெரியாத ஊரில் உங்கள் வாக்கைக் காப்பது எப்படி?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினால் வரும் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பலர் பிழைப்புக்காக வெளி மாநிலம் போகிறார்கள். கேரளத்துக்கு மிளகு பறிக்க, குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு என்று கிளம்புகிறார்கள். ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட ஆசைகாட்டி அழைத்துப்போகும் தரகர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்க முடியாது.

அப்படிப் போகிறவர் கையில் இப்போது கைபேசி இருக்கிறது. தமிழில் பேசினால் அது தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசிக்காட்டும். பேருந்து கேட்கவும், கடையில் விலை பேசவும், கூலி விசாரிக்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களில் அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே தவறுகிறது?

இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை மூன்று படிகளில் இயங்குகின்றன. பேச்சை எழுத்தாக்கி, அந்த எழுத்தை வேறு மொழிக்கு மாற்றி, பிறகு குரலாக்குகின்றன. முதல் படியில் நேர்ந்த பிழை அடுத்த படிகளுக்கும் போகும். கடைசியில் வரும் குரலோ தடுமாற்றமே இல்லாமல் ஒலிக்கும். கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

எழுத்துத் தமிழையும் செய்தித் தமிழையும் கேட்டுப் பழகிய இயந்திரத்துக்கு மலைப்பேச்சு எளிதில் பிடிபடாது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை, தேதி ஆகியவை அடிக்கடி சிதைகின்றன. பேச்சுத் தமிழில் ‘இல்லை’ என்ற மறுப்பு வினையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சிற்றொலிதான். இரைச்சலில் அது விழுந்துவிட்டால் மறுத்தவர் ஒப்புக்கொண்டவராகிவிடுவார்.

பேசாததைச் சேர்க்கும் ஆபத்தும் உண்டு. விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளை ஆங்கிலப் பதிவுகளில் சோதித்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாருமே சொல்லாத தொடர்கள் முழுதாகச் சேர்ந்திருந்தன. பேச்சின் நடுவே மௌனம் கூடிய பதிவுகளில் இது அதிகம். பயந்து, தயங்கித் தயங்கிப் பேசும் ஒருவரின் வாக்குமூலத்தில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

* கைதுக்கான காரணத்தை அறிவது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை. அந்தக் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
* தடுப்புக் காவல் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரி வாய்மொழியாக இந்தியில் விளக்கியது போதாது என்று 1962-இலேயே ஹரிகிசன் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.
* குற்றவழக்கில் சாட்சியம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், அதைப் புரியும் மொழியில் உங்களுக்கு விளக்க வேண்டும்.
* நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி சத்தியம் செய்தாக வேண்டும். தவறாகச் சொன்னால் அவரிடம் கேள்வி கேட்கலாம். இயந்திரம் சத்தியம் செய்யாது. அதைக் கூண்டில் ஏற்றவும் முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

1. “எனக்கு இந்த மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்ற வாக்கியத்தைச் செல்லும் மாநிலத்தின் மொழியில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
2. செயலியில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். வந்ததை மறுபடி தமிழுக்கு மாற்றிச் சரிபாருங்கள். பெயரையும் தொகையையும் எழுதிக் காட்டுங்கள்.
3. விசாரணையின்போது போலீசிடம் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டால், அதில் நீங்கள் கையெழுத்திடச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் கைதுக் குறிப்பில் கையெழுத்து வேண்டும். அதையும் புரிந்துகொண்டே போடுங்கள்.
4. கைதானால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவார்கள். மொழி புரியவில்லை என்பதை அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். அது பதிவாக வேண்டும்.
5. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டால், மொழி தெரிந்த ஒரு மனிதரைக் கொண்டு விளக்கச் சொல்லுங்கள்.
6. பல செயலிகளில் உங்கள் குரல் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. ஆதார் எண், வங்கி விவரம், வழக்கு விவரம் எதையும் அதில் பேசாதீர்கள்.

உதவிக்கு 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

இனி வரவேண்டியது

மத்திய அரசின் பாஷிணி தளம் 2022-இல் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சுப் பதிவுகளைத் திரட்டி வருகிறது. பிழைகள் குறையும் என்று நம்பலாம். கல்வராயன் மலை மக்களின் பேச்சும், அவர்கள் சம்மதத்தோடும் உரிய ஊதியத்தோடும், அந்தத் திரட்டில் இடம்பெற வேண்டும்.

எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு வரம்பு நிலைக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவின் மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்கு விதி வகுத்தது. எல்லா மாநிலங்களிலும், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அதே விதி வேண்டும். மூல ஒலிப்பதிவைப் பாதுகாக்கவும், சரிபார்த்தவர் பெயரை ஆவணத்தில் எழுதவும் அது கட்டாயப்படுத்த வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கோருங்கள். வேலைக்குக் கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் 15100 மனப்பாடமாக இருக்கட்டும்.