கேட்டு உண்போம்: ஜப்பானியரின் சுஷிக் கடை

ஜப்பான் என்றதும் எமது வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வாகனங்கள்தாம். அந்நாட்டுச் சாப்பாடு என்றதும், "பச்சை மீன் தின்பவர்கள்" என்று முகத்தைச் சுளித்துக்கொள்கிறோம். ஆனால் எமது பிள்ளைகள் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அங்கு போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோரும் போய் வருகிறார்கள். போன இடத்தில் எங்கும் கிடைக்கும் உணவு சுஷி. அதை எங்கே உண்பது, எதைக் கேட்டறிந்து உண்பது என்பதைச் சகோதரிகளாகிய நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஒரு விளக்கம். பச்சை மீனை மட்டும் வெட்டி வைத்தால் அதன் பெயர் சஷிமி. சுஷிக்கு அடிப்படை சோறு. வினாகிரி, சீனி, உப்பு கலந்த இளஞ்சூடான சோற்றைக் கையில் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு மீனோ, இறாலோ, முட்டையோ வைத்துக் கொடுப்பதுதான் இன்று நாம் காணும் சுஷி. ஆதியில் மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். எமது ஜாடி மீனைப் போல, மீனைக் கெடாமல் வைக்கும் ஒரு வழி அது. பீவா ஏரிப் பகுதியில் அந்தப் பழைய முறை இன்றும் இருக்கிறது. இப்போதைய கைப்பிடிச் சுஷி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவில் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர் அதற்கு வழிவகுத்தார் என்று சொல்வார்கள். அன்று அது தெருவோரத் தட்டிக் கடைகளில் தொழிலாளர்கள் நின்றபடி அவசரமாகத் தின்றுவிட்டுப் போன மலிவான சாப்பாடு. பணக்காரரின் உணவாக அது பிறக்கவில்லை.

இன்று டோக்கியோவின் பெயர்பெற்ற கடைகளில் ஓர் இரவு உணவுக்கு ஒருவரிடம் 30,000 யென்னும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். எட்டுப் பத்துப் பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய கடைகள் பல உண்டு. ஒரு நீண்ட மரப்பலகை, அதற்கு இந்தப் பக்கம் நாற்காலிகள், அந்தப் பக்கம் சமையற்காரர். அவ்வளவுதான் கடை. அவரை 'இத்தமாயே' என்பார்கள். பலகைக்கு முன்னால் நிற்பவர் என்று பொருள். இத்தகைய கடைகள் பலவற்றில் மதிய உணவு 1,000 முதல் 3,000 யென்னுக்குள் அடங்கிவிடும். வேலையாட்கள் குறைவு, சாளை, கும்பளா இனத்துச் சிறு மீன்களையும் உப்பும் வினாகிரியும் இட்டுப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறார்கள். விலை குறைய இவையும் காரணம்.

செலவு எல்லை மீறாதிருக்க ஒரு வழி உண்டு. தனித்தனியாகச் சொல்லி வாங்காமல், தொகுதியாகக் கேளுங்கள். 'நமி' என்றால் சாதாரணம், 'ஜோ' என்றால் உயர்ந்தது, 'தொக்குஜோ' என்றால் மிக உயர்ந்தது. விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். 'ஒமகாசே' என்பது, "உங்கள் விருப்பப்படி தாருங்கள்" என்று பொறுப்பைச் சமையற்காரரிடமே விட்டுவிடுவது. அங்கே உள்ளே போகுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். கடல் மீன் எமக்கு ஹலால். பச்சையாக இருப்பதால் அது ஹராமாகிவிடாது. வினாகிரியை நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்டதை அறிவோம். அப்படியானால் பிரச்சினை எங்கே? கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் மதுவில்தான்.

ஜப்பானியச் சமையலில் 'மிரின்' என்ற இனிப்பு மதுவும் 'சாக்கே' என்ற அரிசி மதுவும் எமது தேங்காய்ப்பால் போல எங்கும் புழங்குகின்றன. உண்மையான மிரினில் ஏறத்தாழ 14 சதவீதம் மதுசாரம் உண்டு. சில சமையற்காரர்கள் சோறு வேகும்போதே சிறிது சாக்கே சேர்ப்பார்கள். முட்டைப் பொரியலிலும், 'அனாகோ' என்ற விலாங்கு இன மீனின்மேல் பூசும் இனிப்புக் குழம்பிலும் மிரின் சேர்வது வழக்கம். நல்ல கடைகளில் மீனின்மேல் தூரிகையால் தடவிக் கொடுக்கும் சோயா சோஸும் பெரும்பாலும் மிரினோ சாக்கேயோ சேர்த்துக் காய்ச்சியதுதான். "கொதித்ததும் ஆவியாகிவிட்டது" என்று அவர்கள் நல்ல மனதுடன் சொல்லக்கூடும். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின்படி மது நஜீஸ். நஜீஸ் கலந்த உணவு கொதிப்பதனால் சுத்தமாவதில்லை.

சோயா சோஸ் நொதிக்கும்போது தானாகவே சிறிதளவு மதுசாரம் உண்டாகிறது. உலமாக்கள் பலர் இதில் இலகுவையே காண்கின்றனர். கெடாமலிருக்க வெளியிலிருந்து மதுசாரம் சேர்த்த சோஸும், மிசோ சூப்புக்கான விழுதும் உண்டு. அவற்றைத் தவிர்ப்பதே பேணுதல். முஸ்லிம் பயணிகள் சிலர் சிறு போத்தலில் தமது சோஸைக் கொண்டு போகிறார்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பாவிப்பது மரியாதை.

இங்கேதான் அந்தச் சிறிய கடையின் நன்மை விளங்குகிறது. 1958இல் ஒசாகா பக்கத்தில் தொடங்கிய, தட்டுகள் பட்டியில் சுற்றிவரும் கடைகள் இதைவிட மலிவானவை, பிள்ளைகளுக்கும் வேடிக்கை. ஆனால் அங்கே இறைச்சி வைத்த சுஷியும் சுற்றி வரும். சமைத்தவரை நாம் காண்பது அரிது. சிறிய கடையிலோ சமைப்பவர் எமது முகத்துக்கு நேரே நிற்கிறார். பெரும்பாலும் கடல் உணவைத் தவிர வேறெதுவும் அந்தப் பலகையில் வெட்டப்படுவதில்லை. எனவே, "ஒசாகே, மிரின் ஹைத்தே இமாஸ் கா?" என்று கேளுங்கள். "சாக்கே, மிரின் கலந்திருக்கிறதா?" என்பது அதன் பொருள். முதலில் சோற்றைப் பற்றிக் கேளுங்கள். சோற்றில் கலந்திருந்தால் மற்றதைக் கேட்டுப் பயனில்லை. முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. இயலாது என்று அவர் சொன்னால் நன்றி கூறி விலகுங்கள். டோக்கியோவில் ஹலால் சான்றிதழ் பெற்ற சுஷிக் கடைகளும் தோன்றியுள்ளன.

நேரத்தையும் கவனியுங்கள். இரவில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மது அருந்துவது அங்கு சாதாரணம். மது பரிமாறப்படும் இடத்தில் அமர்வது எமக்கு உகந்ததல்ல. மதியத்தில் அது குறைவு, விலையும் குறைவு. குடும்பமாகப் போனால் ஓரத்து இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.

உண்ணும் முறை கடினமானதல்ல. சுஷியைக் கையால் எடுத்து உண்பது அங்கும் வழக்கம். எமக்கோ அது சுன்னத்தான பழக்கம். மீன் பக்கத்தைச் சோஸில் இலேசாகத் தொட்டு ஒரே வாயாக உண்ண வேண்டும். இடையில் தரும் இஞ்சி, வாயின் ருசியைத் துடைப்பதற்கு. பிள்ளைகளுக்கு 'சாபி நுக்கி' என்று சொன்னால் காரமான வசாபி இல்லாமல் தருவார்கள். எமது சஹனில் பலர் கூடி ஒரே தட்டில் உண்கிறோம். அவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒவ்வொரு துண்டாக வைக்கிறார்கள். இரண்டிலும் மிச்சம் வைப்பது அழகல்ல.

கர்ப்பிணிச் சகோதரிகள் பச்சை மீனைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அவித்த இறாலும் வெள்ளரிக்காய்ச் சுருளும் அவர்களுக்குப் போதும். பச்சை மீனில் புழு இருக்கலாம். நன்கு உறைய வைத்தால் அது சாகும், வினாகிரியில் ஊறுவதால் மட்டும் சாகாது. இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் மறக்க வேண்டாம். கறிக்கு வாங்கிய சந்தை மீன் இதற்கு உதவாது.

சகோதரிகளே! கேட்பதற்கு வெட்கப்பட்டு, "தெரியாமல் சாப்பிட்டால் குற்றமில்லைதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எமது பழக்கமாகிவிட்டது. விசாரிக்க முடிந்த இடத்தில் விசாரிக்காமலிருப்பது அறியாமையல்ல, அலட்சியம். சுஷிக் கடைக்காரர் ஒன்றையும் மறைக்காமல் எமது கண்முன்னே நின்று சமைக்கிறார். பணிவாகக் கேட்டால் பதில் சொல்வார். கேட்ட பிறகு பிஸ்மி சொல்லி எடுக்கும் ஒரு துண்டு, கேளாமல் உண்ட வயிறு நிறைந்த விருந்தைவிட மனதுக்கு நிம்மதியானது.