அளவு ஜாக்கெட்டும் இரண்டு சிஸ்டம் லேப்டாப்பும்



காலாண்டு லீவுக்கு நான் மயிலாப்பூர் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கபாலீஸ்வரர் கோயில் குளம், வடக்கு மாட வீதி கொலு பொம்மைக் கடைங்க எல்லாம் பாத்தேன். அதைப் பத்தி எழுத மாட்டேன், போன வருஷமே மூணு பேர் இந்தச் சுவரில் எழுதிட்டாங்க. நான் எழுதப்போறது ஒரு லேப்டாப் பத்தி. அது கெட்டுப் போச்சுன்னு நாங்க எல்லாரும் நம்பினோம். பெரியம்மா தீபாவளி சீட்டுப் பணத்தில் கை வைக்கப் பாத்தாங்க. கடைசியில் பாத்தா அது கெடவே இல்லை!

முதலில் அந்த லேப்டாப் எதுன்னு சொல்லிடறேன். அது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். லேப்டாப்களை வாங்கிக் கொடுத்தது எல்காட் நிறுவனம். அதன் தலைமை அலுவலகம் நந்தனத்தில் அண்ணா சாலையில்தான் இருக்கு. எங்க அண்ணன் (பெரியம்மா பையன்) பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினது. இப்ப காலேஜ் படிக்கிற அக்கா வச்சிருக்காங்க. பேட்டரி எப்பவோ போயிடுச்சு, வயர் சொருகினாத்தான் ஓடும்.

அந்த லேப்டாப்பில் ஒரு விசேஷம். அதில் ஒண்ணுக்கு இரண்டு இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், போட்டுக் கொடுத்தாங்க. ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து அதைச் செய்து 2007-இல் வெளியிட்டது. அந்த அலுவலகம் தரமணி டைடல் பார்க்கில் இருக்கு, அடையாறு தாண்டி கொஞ்ச தூரம்தான். உலகம் பூரா போன ஒண்ணு இல்லைன்னாலும், நம்ம சென்னையில் செஞ்சது நம்ம பிள்ளைங்க கைக்கு வந்ததுன்னா எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்படி ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டம் இருப்பதை டூயல் பூட் என்பார்கள். சுவிட்சைப் போட்டதும் கருப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதுக்குப் பேர் கிரப். அம்புக்குறி பட்டனை வைத்து விண்டோஸா லினக்ஸா என்று தேர்ந்தெடுத்து என்டர் தட்டணும். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தூங்கும். இரண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. லினக்ஸில் இருந்துட்டு விண்டோஸுக்குப் போனா கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னாடி காட்டும்! லினக்ஸ் மெஷினுக்குள் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம்னு படிச்சுடும். அக்கா அதை நம்பி ஒருநாள் காலேஜுக்கு லேட்டாப் போனாங்களாம்.

சரி, பிரச்சினைக்கு வரேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சு. பாஸும் பழசாயிடுச்சு. அதனால் அண்ணன் பாஸை எடுத்துட்டு அந்த இடத்தில் புது லினக்ஸ் ஒண்ணைப் போட்டுக் கொடுத்துட்டு, வேலைக்கு கோயம்புத்தூர் போயிட்டார். அதிலிருந்து லினக்ஸில் எல்லா எழுத்தும் குண்டு குண்டாய், அகலமாய், கலங்கினாப்போலத் தெரியுது. வட்டம் வரைஞ்சா முட்டை மாதிரி வருது. பக்கத்தைக் கீழே தள்ளினா அலை அலையாப் போகுது. காலேஜில் அடுத்த வாரம் அக்கா புராஜெக்டை புரொஜெக்டரில் போட்டுக் காட்டணும். ஒத்திகை பாக்க வயரைச் சொருகினா புரொஜெக்டரில் படமே வரலை. அக்கா அழாத குறை.

பெரியம்மா ஒரு கடைக்குப் போன் பண்ணாங்க. "எழுத்து கலங்கலா இருக்குதா? பேனல் போயிருக்கும்மா, நாலாயிரத்து ஐநூறு ஆவும்" என்று பாக்காமலே சொல்லிட்டாங்க. பெரியம்மா ஜாக்கெட் தைக்கிறவங்க. நாலாயிரத்து ஐநூறு என்றால் எத்தனை ஜாக்கெட்டுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இன்னும் கொஞ்சம் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குமான்னு நாங்க மூணு பேரும் பஸ் ஏறி ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையில் இருந்து உள்ளே போகணும். தெரு முழுக்க கம்ப்யூட்டர் சாமான்தான். நம்ம ஊர் சந்தையில் கத்தரிக்காய் குவிச்ச மாதிரி கீபோர்டைக் குவிச்சு வச்சிருக்காங்க.

அங்கே ஒரு சின்னக் கடையில் இருந்த மாமா லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"விண்டோஸ்ல எப்படிமா தெரியுது?"

"அதுல நல்லாத்தான் தெரியுது" என்றாங்க அக்கா.

"அப்ப பேனல் நல்லாத்தானே இருக்கு? வீட்டுக்குப் போங்க. லினக்ஸ்ல டிரைவரைப் பாருங்க."

நாலாயிரம் ரூபாய் வியாபாரத்தை வேண்டாம்னு சொன்ன அந்த மாமாவை நான் மறக்க மாட்டேன். அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையே. இரண்டு சிஸ்டத்துக்கும் இருக்கிற திரை ஒண்ணுதான், வயரும் ஒண்ணுதான். ஒண்ணில் நல்லாவும் இன்னொண்ணில் மோசமாவும் தெரிஞ்சா திரை மேல் குற்றம் இல்லை. அந்த ஒரு சிஸ்டத்துக்கும் திரைக்கும் நடுவிலே பேச்சு சரியில்லைன்னு அர்த்தம்.

என்ன பேச்சு? இதை எனக்குப் புரிய வைத்தது பெரியம்மாவின் தையல் மெஷின்தான். அவங்ககிட்ட தைக்கக் கொடுக்கிறவங்க கூடவே ஒரு அளவு ஜாக்கெட் கொடுப்பாங்க. அதைப் பாத்து தைச்சா கச்சிதமா இருக்கும். அளவு ஜாக்கெட் இல்லைன்னா பொதுவா ஒரு அளவில் தைக்கணும். போட்டுக்கலாம், ஆனா தோள் தொங்கும்.

ஒவ்வொரு திரைக்குள்ளும் அப்படி ஒரு அளவு ஜாக்கெட் இருக்கு. அதுக்குப் பேர் ஈ.டி.ஐ.டி. வெறும் 128 பைட் குறிப்புதான். 1994-இல் இருந்து இந்த முறை இருக்கு. "என் அகலம் இத்தனை புள்ளி, உயரம் இத்தனை புள்ளி" என்று அதில் எழுதியிருக்கும். எங்க அக்கா லேப்டாப் திரை அகலத்தில் 1366, உயரத்தில் 768 புள்ளி. பெருக்கிப் பாத்தேன், 10,49,088 புள்ளி வருது. கம்ப்யூட்டருக்குள் படம் தயாரிக்கிற பகுதியை ஓட்டும் டிரைவர் என்கிற புரோகிராம் இந்தக் குறிப்பைப் படித்து, அதே அளவுக்குப் படம் அனுப்பும். டிரைவர் வேலை செய்யலைன்னா லினக்ஸ் ஒரு பொது அளவில் அனுப்பும். எங்களுக்கு வந்தது 1024-க்கு 768. அந்தப் படத்தை அகலத்தில் இழுத்து இழுத்து ஒட்டினா எழுத்து குண்டாகத்தானே செய்யும்? டிரைவர் இல்லாததால்தான் புரொஜெக்டருக்கும் படம் போகலை.

அப்ப டிரைவர் ஏன் வேலை செய்யலை? இராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டோம். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "ஐயோ, நான்தான் ஒரு வார்த்தை சேர்த்தேன், எடுக்க மறந்துட்டேன்" என்றார்!

அந்த வார்த்தை நோமோட்செட். ஆங்கிலத்தில் என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி என்று சேர்த்து எழுதணும். "திரையின் அளவை நீ அமைக்காதே, பொது அளவில் ஓட்டு" என்று லினக்ஸின் கெர்னலுக்குச் சொல்லும் கட்டளை. புது லினக்ஸ் போடும்போது திரை கருப்பாயிடுச்சாம். அதைத் தாண்ட இந்த வார்த்தையைப் போட்டாராம். விண்டோஸில் சேஃப் மோட் இருக்கே, கிட்டத்தட்ட அது மாதிரி. தற்காலிகக் கட்டு. புண் ஆறின பிறகும் கட்டை அவிழ்க்கலை, அவ்வளவுதான்.

நாங்க செஞ்சதை அப்படியே எழுதறேன். உங்க வீட்டில் யாருக்காவது உதவும்.

சுவிட்சைப் போட்டதும் கிரப் பட்டியல் வரும். லினக்ஸ் வரியில் நின்னு என்டர் தட்டாமல் 'இ' எழுத்தைத் தட்டணும். நிறைய வரி வரும், பயப்படாதீங்க. நான் பயந்தேன். அதில் லினக்ஸ் என்ற சொல்லில் ஆரம்பிக்கிற ஒரு நீள வரி இருக்கும். அதன் கடைசிப் பக்கம் அந்த வார்த்தை இருக்கும். அதை மட்டும் அழிக்கணும். பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது. பிறகு எஃப்10 பட்டன். இதில் நல்ல விஷயம் என்னன்னா, இப்படி மாத்தினது அந்த ஒரு தடவைக்குத்தான். தப்பாப் போனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா பழையபடி வந்துடும். அதனால் முதலில் இப்படிச் சோதனை பண்ணிப் பாக்கணும். எடுத்ததும் திரை கருப்பாயிடுச்சுன்னா, அந்த மெஷினுக்கு அந்த வார்த்தை இன்னும் வேணும்னு அர்த்தம். விட்டுடணும்.

அக்கா எஃப்10 தட்டினாங்க. ஒரு நொடி இருட்டு. பெரியம்மா தையலை நிறுத்திட்டுப் பாத்தாங்க. அப்புறம் வந்தது பாருங்க, ஊசி முனை மாதிரி எழுத்து! வட்டம் வட்டமா இருந்தது. அண்ணன் போட்ட காலத்துக்குப் பிறகு அக்கா பலமுறை லினக்ஸை அப்டேட் பண்ணியிருந்ததால் டிரைவர் இப்ப ஒழுங்கா ஓடுது என்று அண்ணன் சொன்னார்.

நாங்க சந்தோஷத்தில் தூங்கிட்டோம். காலையில் போட்டா மறுபடி குண்டு எழுத்து. நிரந்தரமா மாத்தலையே! டீஃபால்ட் என்ற ஃபோல்டரில் கிரப் என்று ஒரு ஃபைல் இருக்கு, அதிலும் அந்த வார்த்தையை எடுக்கணும். அக்கா எடுத்தாங்க. அப்பவும் குண்டு. ஃபைலை மாத்தின பிறகு டெர்மினலில் அப்டேட்-கிரப் என்ற கட்டளையைப் பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டணுமாம், அண்ணன் அதைச் சொல்லலை. மூணாவது தடவையில்தான் நின்னது.

அன்னைக்கு மத்தியானமே இன்னொரு கலாட்டா. அக்காவின் தம்பி, ஆறாவது படிக்கிறான், "நானும் பாக்கிறேன்" என்று எதையோ அழுத்தினான். திரை முழுக் கருப்பு. "போச்சுடா" என்று பெரியம்மா தலையில் கை வச்சாங்க. நான் டார்ச்சை எடுத்துத் திரை மேல் சாய்வாக அடிச்சேன். உள்ளே மங்கலா எழுத்து தெரிஞ்சது! எல்.சி.டி. திரை தானா ஒளி கொடுக்காது. தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னாடி விளக்கு இருக்கிற மாதிரி, இதுக்கும் பின்னாடி விளக்கு இருக்கு. விளக்கு அணைஞ்சாலும் பாவை அங்கேயேதான் இருக்கும். பையன் வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டனைக் கடைசி வரைக்கும் அழுத்தியிருக்கான். கூட்டினோம், வந்துடுச்சு. டார்ச் யோசனை என்னுடையது என்பதை இங்கே பணிவோடு தெரிவிக்கிறேன்.

அக்கா புராஜெக்ட் காட்டிட்டு வந்து போன் பண்ணாங்க. புரொஜெக்டரில் படம் வந்துதாம், ஆனா ஓரம் வெட்டுப்பட்டுதாம். அந்த புரொஜெக்டரின் சொந்த அளவே 1024-க்கு 768 தானாம்! லேப்டாப்புக்குத் தொளதொளன்னு இருந்த அளவு அதுக்குக் கச்சிதம். அக்கா அங்கேயே அளவை மாத்திக் காட்டிட்டாங்க. பெரியம்மா சீட்டுப் பணம் பத்திரமா இருக்கு.

லீவு முடிஞ்சு வந்ததும் நம்ம கம்ப்யூட்டர் ரூமில் மூலையில் துணி போட்டு மூடியிருக்கிற மூணாவது மெஷின் நினைப்பு வந்தது. திரை மஞ்சளாத் தெரியுதுன்னு ஒதுக்கி வச்சது. அதிலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. சார்கிட்ட கேட்டேன், "தொட்டுக் கெடுத்துடாதே" என்று சொல்லிட்டு கூடவே நின்னார். விண்டோஸில் மஞ்சள். லினக்ஸிலும் மஞ்சள். சுவிட்ச் போட்டதும், எந்த சிஸ்டமும் எழுந்திருக்கும் முன்னாடி வருமே கிரப் பட்டியல், அதில் வெள்ளை எழுத்துகூட மஞ்சள். அப்ப இது சிஸ்டத்தின் குற்றம் இல்லை. திரை அல்லது வயர். வி.ஜி.ஏ. வயரின் முனையில் 15 பின் இருக்கும். 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். நீலம் வரலைன்னா சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாத் தெரியும். மெஷினை ஆஃப் பண்ணிட்டு வயரைக் கழட்டினா, மூணாவது பின் வளைஞ்சு படுத்துக் கிடந்தது! சார் சின்ன இடுக்கியால் மெதுவா நிமிர்த்தினார்.

இப்ப அது வெள்ளையாத் தெரியுது. எட்டாம் வகுப்புக்கு அதை ஒதுக்கியிருக்காங்க. தம்பி தங்கைகளே, திரையைத் திருப்பும்போது வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. அந்தப் பின் இன்னொரு தடவை வளைஞ்சா உடைஞ்சுடும்னு சார் சொல்லியிருக்கார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி